திருத்தம் வராத ஞாயிறுகள்

ஜூன் 4, ஞாயிறு

இந்த டைரி அவருடைய மருந்துக் கம்பெனி புது வருஷத்துக்குக் கொடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதவில்லை. நல்ல தாள், வீணாகப் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். வேறு ஒன்றுமில்லை.

காலை ஏழு மணிக்குச் சங்கதி அனுப்பியாயிற்று. இன்றைக்கு ஐஸ் கட்டிக் கதை. நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் உறைந்து கிடக்கும் ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி மதராசுக்குக் கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள். அதைப் போட்டு வைத்த கட்டடம் இன்னும் மெரினாவுக்கு எதிரே நிற்கிறது. கதை முடிந்ததும் அவர், "உங்க ஊட்டுக்கு மொத ஃப்ரிட்ஜ் எப்ப வந்துச்சுன்னு அம்மாவையோ அப்பாவையோ கேளுங்க. அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள எந்திரிச்சு ஓடக் கூடாது" என்றார். சேலத்திலிருந்து ஒரு அம்மா, ஐஸ் தண்ணீர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கிய கதையை இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் மகனிடம் சொன்னாராம்.

முதல் பக்கம் என்பதால் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் திருமூர்த்தி மருந்துக் கம்பெனி ரெப். டாக்டர்கள் வாசலில் காத்துக் கிடக்கும் நேரமெல்லாம் புத்தகம் படிப்பார். படித்ததை எங்கள் மகள் மிதுலாவுக்குச் சொல்வார். அவளுடைய சிநேகிதிகளும் கேட்க ஆரம்பித்ததும், பேசிப் பதிந்து வாட்ஸப்பில் அனுப்பத் தொடங்கினார். 'ஞாயிறு சங்கதி' என்று பெயர். பிள்ளையும் பெற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இப்போது எந்தெந்த ஊரிலிருந்தோ நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கேட்கின்றன. பிள்ளைகளுக்கு அவர் 'சங்கதி மாமா'.

அவர் பேசுவார். நான் அதிலிருந்து இருமலையும் தறிச் சத்தத்தையும் வெட்டி எடுத்துவிட்டு அனுப்புவேன். எங்கள் சோமனூரில் தறிச் சத்தம் ஓயவே ஓயாது. இந்த வருஷத் தொடக்கத்தில் கூலிப் பிரச்சினை வந்து தறிகளை நிறுத்தினார்கள். இனி இப்படி ஒரு அமைதி எப்போது கிடைக்குமோ என்று அவர் ஒரு குவியலே பேசிப் பதிந்து வைத்தார்.

ஏப்ரலில் போய்விட்டார். மாரடைப்பு.

அந்த ஞாயிறு, துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சங்கதி இன்னும் வரவில்லையே மாமா என்று ஏதோ ஊரிலிருந்து ஒரு குழந்தை கேட்டது. குவியலில் முதலில் இருந்ததை எடுத்து அனுப்பிவிட்டேன். அப்புறம் அடுத்த ஞாயிறு வந்தது. உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களிடம் யார் போய்ச் சொல்வது? பிள்ளைகள் ஏமாந்து போகக் கூடாது என்பதற்காகத்தான் அனுப்புகிறேன்.

ஜூன் 8, வியாழன்

குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்திலும் பிடித்து வைத்தேன். ஈஸ்வரி அக்காவின் ஜாக்கெட்டுக்கு வலக் கையை இடப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டு மறுபடி பிரித்தேன். தையல் பழகிய காலத்தில்கூட இப்படிச் செய்ததில்லை.

ஜூன் 11, ஞாயிறு

அனுப்பினேன். அதற்கு முன்னால் நான்கு தடவை கேட்டேன். சரிபார்க்க வேண்டாமா?

ஜூன் 18, ஞாயிறு

இன்றைக்குத் தஞ்சாவூர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் நாட்டை அளப்பதற்காக, அரை டன் எடையுள்ள ஒரு கருவியைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினாராம். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. மனிதர் யாரையும் குறை சொல்லாமல் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து, வாரக்கணக்கில் தட்டிக் கொட்டித் தானே சரிசெய்தாராம். இதை அவர் சொல்லும்போது அந்தக் கூடாரத்துக்குள் இவரும் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும்.

அதற்கப்புறம் திடீரென்று, "இன்னொரு சங்கதி. இந்தக் கோபுரத்தோட நெழல் தரையில விழவே விழாதுங்க. இது புத்தகத்துல படிச்சதில்ல. எங்கூட்டம்மா ஒம்பதாவது படிக்கறப்ப டூர் போயி, கண்ணால பாத்துட்டு வந்தது" என்றார். என்னை எங்காவது இழுக்காவிட்டால் அவருக்குப் பேச்சு ஓடாது. கேட்டுக்கொண்டே சிரித்தேன். சிரித்த வாயோடு அழுகையும் வந்தது. கல்யாணமான புதிதில் எப்போதோ சொன்னது. அதை ஞாபகம் வைத்திருக்கிறார் பாருங்கள்.

ஒன்பது மணிக்கு ஒரு போட்டோவும் குரல் செய்தியும் வந்தன. போட்டோவில் பெரிய கோயிலின் பின்பக்கப் பிராகாரம். தரையில் அகலமாக, நன்றாக, கறுப்பாக நிழல். அதன் நடுவில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

"சங்கதி மாமா, நான் தஞ்சாவூர் ரிஸ்வானா. நிழல் விழுது மாமா. இப்பதான் அத்தாவைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாத்தேன். நிழலுக்குள்ள நிக்கிறது நான்தான். அடுத்த வாரம் திருத்தத்துல என் பேரைச் சொல்லணும். முழுப் பேரு ரிஸ்வானா பர்வீன்."

திருத்தம் என்பது அவர் வைத்த வழக்கம். போன வாரம் எதையாவது தப்பாகச் சொல்லியிருந்தால், அடுத்த வாரம் வணக்கம் சொன்ன கையோடு அதைத் திருத்திவிட்டுத்தான் வேறு பேச்சு. தப்பைக் கண்டுபிடித்த பிள்ளையின் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொல்வார். அந்தப் பெயருக்காகவே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். திருத்தத்தைச் சனிக்கிழமை தனியாகப் பேசித் தருவார். நான் முன்னால் ஒட்டுவேன். ஏப்ரலுக்குப் பிறகு திருத்தத்துக்கு வேலையே வரவில்லை. இரண்டு புத்தகத்தில் பார்க்காமல் எதையும் பேசாத மனிதர்.

'பார்க்கிறேன் கண்ணு' என்று அவர் எழுதுவதைப் போல எழுதி அனுப்பினேன்.

ஜூன் 20, செவ்வாய்

தேடிப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண் சொன்னதுதான் சரி. நிழல் விழத்தான் செய்கிறது. நிழல் விழாது என்பது ஊர் ஊராக எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பரப்பியது. ஆனால் நான் பார்த்தேனே. டீச்சர் காட்டினார், தரையில் நிழலே இல்லை.

எல்லாவற்றையும் இரண்டு புத்தகத்தில் பார்க்கிற மனிதர், இதை மட்டும் பார்க்கவில்லை. நான் சொன்னேன் என்பதே அவருக்குப் போதும் என்று இருந்திருக்கிறது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன எந்தப் பிரியமான வார்த்தையும் இப்படி என்னை உட்கார வைத்ததில்லை. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 25, ஞாயிறு

நாடு முழுக்க ஒரே மணி வருவதற்கு முன்னால் பம்பாய்க்கு ஒரு மணி, கல்கத்தாவுக்கு ஒரு மணி என்று ஓடியதும், ரயில்கள் மட்டும் மதராஸ் மணியைப் பார்த்து ஓடியதும் இன்றைய சங்கதி. திருத்தம் இல்லாமலே போனது.

பத்து நிமிஷத்தில் ரிஸ்வானா. மாமா மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தது. அவளுடைய வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறதாம். 'இந்த வாரம் வேலை அதிகம் கண்ணு' என்று எழுதினேன். கை கூசியது.

மிதுலா ஏழு மணிக்குச் சரியாக எழுந்து ஈஸ்வரி அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அடுத்த வீடுதான், தறி போட்டிருக்கிறார்கள். அங்கே ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அப்பாவின் குரலைக் கேட்க உட்காராமல் அந்த இரைச்சலில் என்ன விளையாட்டோ. பத்து வயதாகிறது, இன்னும் விளையாட்டுப் புத்தி.

ஜூலை 2, ஞாயிறு

அனுப்பினேன். ரிஸ்வானாவின் செய்தியை இன்னும் திறக்கவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

இன்றைக்கு ஆக்டோபஸ். அதற்கு நீல ரத்தம். இதயம் மூன்று.

கேட்டவுடன் இதை அனுப்பக் கூடாது என்று தோன்றியது. பிறகு, அவர் எவ்வளவு சந்தோஷமாகப் பேசியிருக்கிறார் என்று தோன்றியது. "ஒண்ணுக்கு மூணு வெச்சிருக்குது பாருங்க, கருமி" என்று சிரிக்கிறார். ஒன்று நின்றால் இன்னொன்று என்று ஆண்டவன் ஆக்டோபஸுக்குக் கொடுத்திருக்கிறான். சோமனூர்க்காரருக்குக் கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அனுப்பிவிட்டேன்.

இன்று மழைத் தூறல். மிதுலா வெளியே போகாமல் உள்ளறையில் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அப்பா பேசுகிறார், இதென்ன மரியாதை என்று அதட்டினேன். எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"அப்பா ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு வர்றாங்க. திங்கக்கெழம மறுபடியும் இல்லாமப் போயிடறாங்க. வாரா வாரம் இப்படியேம்மா" என்றாள்.

தோசை ஊற்றப் போய்விட்டேன்.

ஜூலை 13, வியாழன்

அவருடைய பைக்கைக் கேட்டு ஒருவர் வந்தார். விற்பதாக இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் ஒரு துணியை நனைத்துத் துடைத்து வைத்தேன்.

ஈஸ்வரி அக்கா ஜாக்கெட் வாங்க வந்தார். என்னைவிட மூத்தவர், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். ஞாயிற்றுக்கிழமை மிதுலா வந்து என்ன செய்கிறாள் என்று கேட்டேன். ஒன்றும் செய்வதில்லையாம். தறி ஓரமாகச் சாக்கில் உட்கார்ந்து நூல் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சொல்லியேவிட்டார்.

"தறி நின்னா தம்பி பேசறது செவுத்தத் தாண்டி எனக்குக் கேக்குது அம்சா. வெளியூர்க் கொழந்தைகளுக்காகப் போடறேங்கற. ராத்திரி பகலா பத்து வாட்டி போட்டுக் கேக்கறது எந்த ஊர்க் கொழந்தை?"

ஜாக்கெட்டில் கொக்கி சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று பேச்சை மாற்றினேன்.

ஜூலை 23, ஞாயிறு

மிளகாய்க் கதை. போர்த்துகீசியர் கொண்டுவருவதற்கு முன்னால் நம் ஊரில் மிளகாயே கிடையாது, காரத்துக்கு மிளகுதான் என்று கேட்டு ஊரெல்லாம் ஆச்சரியப்பட்டது. ஒரு அப்பா, அப்படியானால் எங்கள் முன்னோர்கள் பச்சை மிளகாய் பஜ்ஜியே சாப்பிடாமல் செத்தார்களா என்று கேட்டிருந்தார். இவர் இருந்திருந்தால் அதை வைத்து இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருப்பார்.

ரிஸ்வானாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு வழியாக மறந்துவிட்டது, நல்லது.

ஜூலை 30, ஞாயிறு

மறக்கவில்லை. இன்றைக்கு அவளுடைய அத்தா பேசியிருந்தார். சாதிக் என்று பெயர், பை தைக்கிற கடை வைத்திருக்கிறாராம். தயங்கித் தயங்கிப் பேசினார். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். பிள்ளை ஞாயித்துக்கிழமை ஆனா குளிச்சு உக்காந்துரும், பேர் வரும்னு. இப்ப அது இல்ல சார் என் கவலை. நேத்து சொல்லுது, நிழல் விழல போலிருக்கு அத்தா, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு. போட்டோவை எடுத்துக் காட்டுனேன். இது வேற எதோட நிழலாவது இருக்கும், சங்கதி மாமா தப்பா சொன்னா திருத்திடுவாரு, திருத்தலேன்னா அவரு சொன்னதுதான் சரிங்குது. பாத்த பிள்ளை சார். கண்ணால பாத்த பிள்ளை."

மூன்று தடவை கேட்டேன். அவர் குரலைக் கேட்பதைப் போல இல்லை இது.

கண்ணால் பார்த்ததை நம்பு, பெரியவர்கள் சொன்னாலும் தப்பென்றால் தப்பென்று சொல்லு என்று ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் அவர் இதை ஆரம்பித்தார். நான் அவர் வாயாலேயே ஒரு பிள்ளையை அதன் கண்ணை நம்பாமல் செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, புதன்

திருத்தம் சொல்ல வேண்டும். அதற்கு அவர் குரல் கிடையாது, நான்தான் பேச வேண்டும். நான் பேசினால் மாமா எங்கே என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் அவர் குரலை அவர் இருக்கிற மாதிரி அனுப்ப முடியாது.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்காக அனுப்பவில்லை. திங்கள் முதல் சனி வரை தைக்கிறேன், சமைக்கிறேன், தண்ணீர் பிடிக்கிறேன். ஞாயிறு ஏழு மணிக்கு எங்கோ ஒரு வீட்டில் யாரோ அவர் பேசி முடித்ததும் சிரிக்கிறார்கள், அவருக்குப் பதில் அனுப்புகிறார்கள். அவரோடு பேசுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர் வெளியூர் போயிருக்கிறார், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

மிதுலாவைக் கூப்பிட்டு, தஞ்சாவூர் போகலாமா, நிழல் விழுகிறதா என்று நாமே பார்த்துவிட்டு வந்து திருத்திவிடலாம் என்றேன். அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுவாயா என்றாள். சொல்லிவிடுகிறேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் அவளாகவே போய் ஈஸ்வரி அக்காவிடமிருந்து ஊருக்குப் போகப் பை வாங்கி வந்தாள்.

சாதிக்குக்கு, சுதந்திர தினத்தன்று காலை குடும்பத்தோடு கோயிலுக்கு வருகிறோம், ரிஸ்வானாவை அழைத்து வாருங்கள் என்று எழுதினேன். குடும்பத்தோடு என்று எழுதும்போது யோசித்தேன். மாற்றவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. மிதுலா தோளில் தூங்குகிறாள்.

காலையில் கோயில் வாசலில் அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். சாதிக் ஒல்லியான மனிதர், கையில் தானே தைத்த பை ஒன்றை எங்களுக்குக் கொடுக்க வைத்திருந்தார். ரிஸ்வானா புதுச் சட்டை போட்டிருந்தாள். எனக்கு வணக்கம் வைத்தாள், மிதுலாவைப் பார்த்துச் சிரித்தாள், அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தாள். செருப்பு விடும் இடம் வரை பார்த்தாள்.

"ஆன்ட்டி, சங்கதி மாமா எங்க?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதற்கு வார்த்தை கோத்துக்கொண்டு வந்தேன். மிதுலாதான் சொன்னாள்.

"எங்கப்பா எறந்துட்டாங்க. ஏப்ரல் மாசம். நீ கேக்கறதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சது."

சாதிக் தலையைக் குனிந்துகொண்டார். ரிஸ்வானா மிதுலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் குழந்தை அழும் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப என் பேரை யாரு சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

அத்தா அதட்டப் போனார். நான் தடுத்தேன். அந்தக் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்ல வந்திருக்கிறேன். நான் சொல்கிறேன் கண்ணு என்றேன்.

உள்ளே போனோம். கோபுரத்துக்குப் பின்னால் வெயிலே படாமல் அகலமாக நிழல் கிடந்தது. நான்கைந்து குடும்பங்கள் அதில் உட்கார்ந்து புளிசாதம் பிரித்துக்கொண்டிருந்தன. சந்தேகத்துக்கே இடமில்லை. ரிஸ்வானா போய் நடுவில் நின்று, "இது விமானத்தோட நிழல்தானே ஆன்ட்டி?" என்று கேட்டாள். மேலே கலசத்தைக் காட்டி, அதன் நிழல் எங்கே விழுகிறது என்று தேடச் சொன்னேன். இரண்டு பெண்களும் ஓடிப் போய் நிழலின் நுனியைக் கண்டுபிடித்து அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றார்கள். நீ பார்த்தது சரி, மாமா சொன்னது தப்பு, நான் அவருக்குச் சொன்னதும் தப்பு என்றேன். அவள் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதற்கு என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெயில் ஏற ஏற நிழல் சுவரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. நடை சாத்தும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பார்த்தால், தரையில் நிழலே இல்லை. எல்லாம் கோபுரத்தின் மேலேயே விழுந்து அடங்கிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எங்களை நிற்க வைத்துக் காட்டியது இந்த நேரத்தைத்தான். காட்டிவிட்டுச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இதை அவளிடம் சொன்னதும், எங்கே தப்பு நடந்தது என்று ரிஸ்வானாதான் கண்டுபிடித்தாள். "நீங்க சீக்கிரம் கெளம்பிட்டீங்க ஆன்ட்டி" என்றாள்.

மதில் ஓரமாக உட்கார்ந்து அங்கேயே பேசிப் பதிந்தேன். குழந்தைகளே, பெற்றவர்களே, வணக்கம் என்று ஆரம்பித்தபோது குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. திருத்தம் ஒன்று, பெரிய கோயில் நிழல் விழும், உச்சி வெயிலில் மட்டும் தரையில் தெரியாது, கண்டுபிடித்தவர் தஞ்சாவூர் ரிஸ்வானா பர்வீன் என்றேன். அவர் சொல்வதைப் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பக்கத்தில் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருத்தம் இரண்டு, உங்கள் சங்கதி மாமா ஏப்ரல் பன்னிரண்டு புதன்கிழமை இறந்துவிட்டார், அதைச் சொல்லாமல் அவர் குரலை அனுப்பிக்கொண்டிருந்தது அவர் மனைவி அம்சவேணி என்றேன். அவர் பேசி வைத்தது இன்னும் மிச்சம் இருக்கிறது, கேட்க விரும்புகிறவர்கள் தெரிந்து கேளுங்கள் என்று முடித்தேன்.

நிழல் சுவருக்குள் போய் அடங்கியதைப் பார்த்தபோது, ஊருக்குப் போனதும் இவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டேன். நினைத்து முடிக்கிற வரைக்கும் அது தப்பென்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஏழு மணிக்கு அனுப்பினேன். அவர் குரல் போகாத முதல் ஞாயிறு.

மிதுலா அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். முடிந்ததும், "அம்மா, இதுல ஒரு தப்பு இருக்கு" என்றாள். நிழலைப் பற்றியா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

"அப்பா எறந்தது புதன்கெழமைன்னு சொல்லியிருக்கற. வியாழக்கெழமைம்மா. பன்னண்டு மணி தாண்டியிருச்சு."

அன்றைக்கு அவள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள், விடிந்த பிறகு எழுப்பித்தான் சொன்னோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"முழிச்சுட்டுத்தான் இருந்தேன், கடியாரத்தப் பாத்தேன். நீ ஈஸ்வரி பெரியம்மாவக் கூப்பிட வெளிய ஓடுன. அப்ப அப்பா என்னப் பாத்தாங்க. ஒண்ணுமில்ல சாமி, தூங்குன்னாங்க. அதான் கண்ண மூடிட்டேன். அப்புறம் எல்லாரும் வந்தாங்க, தூக்கிட்டுப் போனாங்க. நான் கண்ணத் தொறக்கவே இல்ல."

அவர் கடைசியாகப் பேசியது என்னவென்று எனக்குத் தெரியாது. நான் திரும்பி வந்தபோது பேச்சு இல்லை. அது இவளிடம் இருந்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை, நான்கு மாதமாக, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் குரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஊர் ஊராகப் பிள்ளைகளும் பெற்றவர்களும் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. எடுக்கவில்லை. மிதுலா பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஒண்ணுமில்லைன்னாங்கல்லம்மா. அது தப்புதான? அதுக்குத் திருத்தமே வரல."

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். வளர்ந்துவிட்டாள், மடி போதவில்லை. ஆமாம் சாமி, அப்பா தப்பாகச் சொல்லிவிட்டார் என்றேன். அப்போதுதான் அழுதாள்.